தண்ணீர் வரும் நாளும் நான்கு ஃபிலிம் டப்பிகளும்

பிப்ரவரி 25, சனி

என் பெயர் நஞ்சப்பன்.

இந்த ஒரு வரியை எழுதிவிட்டு வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். போன வருடம் வரைக்கும் நான் கைநாட்டு. இப்போது வயது எழுபத்தொன்று. முப்பத்தாறு வருடம் நூல் மில்லில் ஃபிட்டராக இருந்தேன். எந்த இயந்திரத்தையும் பிரித்துப் பூட்டுவேன். அதன் மேல் எழுதியிருப்பதை மட்டும் படிக்கத் தெரியாது. மாலை வகுப்பில் சேர்ந்த பிறகு பஸ் போர்டு படிக்கிறேன், மளிகைப் பொட்டலத் தாளைப் படிக்கிறேன், கரண்ட் கம்பத்தில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலியைக்கூட விடுவதில்லை.

வசந்தா டீச்சர் தினமும் எழுதச் சொல்லியிருக்கிறார். "ஒண்ணும் தோணலைன்னா அன்னிக்குச் செஞ்ச வேலைய வரிசையா எழுதுங்க, போதும்" என்றார்.

செய்த வேலை: செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன். ரேஷனுக்குப் போனேன். கேட்டைப் பூட்டினேன். ஃபிரிட்ஜை அணைத்தேன். மாத்திரை போட்டேன்.

பிப்ரவரி 27, திங்கள்

மருமகள் பிருந்தா ஒரு கேமரா வாங்கியிருக்கிறாள். அவள் பள்ளிக்கூட ஆபீசில் வேலை செய்கிறாள். பெங்களூர்க்காரர் ஒருவரிடம் பழையதாக வாங்கியது. சினிமா எடுக்கிற கேமராதான், ஆனால் உள்ளங்கையில் நிற்கிறது. இரண்டு விரல் அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பி உள்ளே போகிறது. டப்பிக்குள் ஐம்பது அடி ஃபிலிம். பட்டனை அழுத்திப் பிடித்தால் மூன்று நிமிடம் இருபது வினாடி ஓடும். அவ்வளவுதான் ஒரு டப்பி.

வெளிநாட்டில் ஒரு போட்டியாம். ஒரே டப்பியில் முழுப் படமும் எடுக்க வேண்டும். வெட்டக்கூடாது, ஒட்டக்கூடாது. கழுவாமல் அப்படியே அனுப்பிவிட வேண்டும். அவர்களே கழுவிக் கூட்டத்தின் நடுவில் திரையில் போடுவார்கள். எடுத்தவர்களும் அன்றைக்குத்தான் முதல் முறையாகப் பார்ப்பார்கள். மார்ச் 28-க்குள் கூரியரில் போட வேண்டும்.

"என்ன எடுக்கப்போற அம்மிணி?" என்று கேட்டேன்.

"நம்ம வீதிக்குத் தண்ணி வர்றத, மாமா."

எங்கள் வீதிக்கு நல்ல தண்ணீர் எட்டு நாளைக்கு ஒரு முறை வரும். காலை ஆறரைக்குத் திறந்தால் எட்டு வரை. அந்த நேரம் வீதியைப் பார்த்தால் யாருக்கும் கல்யாண வீடு என்றுதான் தோன்றும். குடம், ட்ரம், ஹோஸ், சண்டை எல்லாம் இருக்கும். இதில் படம் எடுக்க என்ன இருக்கிறது என்று என் மனைவி ரங்கம்மா கேட்டாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. டப்பியின் பக்கவாட்டில் ஒரு சின்னப் பல் சக்கரம் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 28, செவ்வாய்

மொத்தம் நான்கு டப்பிகள். ஃபிலிம் பழசு என்பதால் குளிரில் வைக்க வேண்டுமாம். வந்த அன்றே ஆசையில் மூன்றின் கவரைப் பிரித்துவிட்டாள். அந்த மூன்றையும் எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடி ஃபிரிட்ஜில் மாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறாள். நான்காவது மட்டும் பிரிக்காத கவரோடு அதன் பக்கத்தில் இருக்கிறது.

சாப்பிடும்போது பிருந்தா தயிர் புளிக்கிறது என்றாள். ஃபிரிட்ஜுக்கு வயசாகிவிட்டது என்று என் மகன் திருமூர்த்தி சொன்னான். நான் தலை நிமிராமல் சாப்பிட்டேன். ராத்திரி முழுக்க ஓடினால் எந்த மோட்டாரும் சூடாகும். மில்லில் நாங்கள் ஓய்வு கொடுப்போம். படுக்கப்போகும்போது அணைத்து, பால்காரர் வருவதற்குள் எழுந்து போட்டுவிடுவேன். பத்து வருடமாக யாருக்கும் தெரியாது. மோட்டார் இன்னும் முதல் மோட்டார்தான்.

மார்ச் 3, வெள்ளி

தண்ணீர் நாள். பிருந்தா வாசலில் நின்று எடுத்தாள். எதிர்வீட்டு சரசா தலையை வாரிக்கொண்டு மறுபடி வந்து குடத்தைப் பிடித்தாள்.

"இந்தச் சேல நல்லாருக்கா, இல்ல மாத்திட்டு வரட்டா?"

"தண்ணி நின்னுரும் அக்கா, அப்புடியே இருங்க."

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கேமராவின் சத்தம் மாறியது. முதலில் தையல் மிஷின் மாதிரி சீராக இருந்தது, பிறகு தொண்டையில் ஏதோ சிக்கியது போல ஆனது. எத்தனை அடி ஓடியது என்று காட்டும் முள் பத்தில் நின்றுவிட்டது. பிருந்தா பேட்டரியை மாற்றினாள். நகரவில்லை. டப்பியை வெளியே எடுத்தாள். ஃபிலிம் அந்த இடத்திலேயே அசையாமல் நின்றது. வெளிச்சத்தில் இழுத்துப் பார்க்கவும் முடியாது.

திருமூர்த்தி வேலைக்குக் கிளம்பிக்கொண்டே, "பழைய சாமான் வாங்குனா இப்புடித்தான்" என்றான்.

அவள் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. ஆனால் எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம், அதை மறைக்காமல் எழுதுகிறேன். ஓய்வு பெற்ற பிறகு பழுதான இயந்திரம் ஒன்று என் வீட்டுக்கு வந்தது இதுதான் முதல் முறை.

மார்ச் 4, சனி

மில்லில் நூல் அறுந்தால் அழுக்கா, இழுப்பா, ஈரமா என்றுதான் பார்ப்போம். இங்கேயும் அதுதான். டப்பிக்குள் ஒரு பக்கம் சுற்றியிருப்பது இன்னொரு பக்கம் போய்ச் சுற்றிக்கொள்ள வேண்டும். நூலுக்கும் ஃபிலிமுக்கும் என்ன வித்தியாசம்?

கேமராவைத் திறந்து, ஃபிலிம் ஓடுகிற வழியைப் பழைய வேட்டித் துணியால் துடைத்தேன். பேட்டரி தொடுகிற தகட்டை ரப்பரால் தேய்த்தேன். கரிபோல வந்தது. "அழுக்குதான் காரணம்" என்று பிருந்தாவிடம் சொன்னேன். நிச்சயமாகச் சொன்னேன்.

வகுப்பில் ழகர எழுத்து வரும் சொற்கள் எழுதினோம். கேட்டைப் பூட்டினேன். ஃபிரிட்ஜை அணைத்தேன். மாத்திரை.

மார்ச் 11, சனி

தண்ணீர் நாள். இரண்டாவது டப்பி. எட்டாவது அடியில் நின்றது.

அழுக்கு காரணம் இல்லை.

மார்ச் 12, ஞாயிறு

இன்று முழுவதும் கேமராவுடன் இருந்தேன்.

டப்பியின் பல் சக்கரத்தைத் திருப்ப கேமராவுக்குள் ஒரு சின்ன முளை இருக்கிறது. அது சுற்றினால்தான் ஓடிய ஃபிலிம் உள்ளே போய்ச் சுருளும். டப்பி இல்லாமல் ஓட விட்டால் அது சுற்றுகிறதா இல்லையா என்று கண்ணுக்குத் தெரியவில்லை. கறுப்பில் கறுப்பு. ரங்கம்மாவின் ஸ்டிக்கர் பொட்டு அட்டையிலிருந்து ஒன்றைப் பிய்த்து முளையின் தலையில் ஒட்டினேன். பட்டனை அழுத்தினேன். சிவப்புப் பொட்டு வட்டமாகச் சுற்றியது. எவ்வளவு அழகு!

"ஏனுங்க, என்ற பொட்டு ஒண்ணு கொறையுதே" என்று ரங்கம்மா வந்தாள். பார்த்தாள். "கேமராவுக்குப் பொட்டு வெச்சாச்சு. அப்புடியே ஒரு மாலையும் போட்டு எலுமிச்சம்பழத்த நசுக்குங்க, ஓடும்."

முளையை விரலால் லேசாகப் பிடித்தேன். வழுக்கியது. விட்டேன், சுற்றியது. இதைத்தான் இழுப்பு என்போம். அதிகமானால் அறுக்கும், குறைந்தால் சிக்கும். இது சரியாக இருந்தது. நாற்பது முறை செய்து பார்த்துவிட்டேன். கேமராவில் குறை இல்லை.

பிருந்தா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சோடு பேச்சாக, "உங்களப் பாத்தா பொறாமையா இருக்குங்க மாமா. வகுப்புக்குப் போகோணும்னு தோணுச்சு, சட்டையப் போட்டுட்டுப் போயிட்டீங்க" என்றாள்.

அவள் கல்யாணமாகி வந்த புதிதில், டவுனில் கேமரா வகுப்பு ஒன்று சேர வேண்டும் என்று கேட்டாள். மாலை நேர வகுப்பு. அந்த நேரத்தில் வீட்டில் ஆள் வேண்டும் என்று சொல்லிவிட்டோம். யார் சொன்னது என்று நினைவில்லை.

கேட்டைப் பூட்டினேன். ஃபிரிட்ஜை அணைத்தேன்.

மார்ச் 15, புதன்

மூன்றாவது டப்பியை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். "வேண்டாங்க மாமா. எடுத்து எடுத்து வெச்சா வேர்க்கும்" என்றாள். அவள் டப்பாவைத் தொடுவதே இல்லை. தண்ணீர் நாளுக்கு முந்தின சாயங்காலம் ஒரு முறைதான் எடுக்கிறாள். அவ்வளவு கவனம்.

ஈரத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. மார்ச் மாத வெயிலில் ஈரம் எங்கிருந்து வரும்?

மார்ச் 19, ஞாயிறு

தண்ணீர் நாள். டப்பியைப் போடும் முன் உள்ளங்கையில் நான்கு தட்டுத் தட்டினேன். பல் சக்கரத்தை விரலால் மெல்லத் திருப்பிப் பார்த்தேன். முறுக்கிக்கொண்டு வந்தது. ஒரு சுற்று வந்ததும் இளகியது. பிருந்தா எடுக்க ஆரம்பித்தாள். பத்து தாண்டியது. இருபது தாண்டியது. நான் முள்ளையே பார்த்துக்கொண்டு அவள் பின்னால் நடந்தேன். சரசாவின் ஹோஸில் கால் தடுக்கி, என் வேட்டி நனைந்து, சரசா சிரித்து, எல்லாம் படத்தில் இருக்கும். முப்பது.

முப்பதில் நின்றது.

பிருந்தா கேமராவைத் தாழ்த்தினாள். அழவில்லை. ஒரு குடத்தை எடுத்து வரிசையில் வைத்தாள்.

மார்ச் 20, திங்கள்

சாப்பிடும்போது திருமூர்த்தி சொன்னான்: "பெங்களூர்க்காரரு மாசக் கடைசி வரைக்கும் திருப்பி எடுத்துக்கறேன்னாரு. அனுப்பிரலாம் பிருந்தா. போதும்."

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவள் வாடிப்போவதைப் பார்க்க முடியாமல் சொன்னான்.

"செரி" என்றாள். "இன்னொண்ணு இருக்குது. ஆனா அதையும் சிக்க வெச்சுப் பாக்க எனக்குத் தெம்பில்ல. வெள்ளிக்கெழம பார்சல் போட்டுருங்க."

வீணான டப்பி ஒன்றை உடைக்க அவளிடம் அனுமதி வாங்கியிருந்தேன். அவர்கள் வேலைக்குப் போன பிறகு உடைத்தேன். கத்தி முனையால் ஒட்டைப் பிளந்து திறந்தேன். உள்ளே ஃபிலிம் சுருளாக இருந்தது. நுனியைப் பிடித்து உரித்தேன். வரவில்லை. கொஞ்சம் பலமாக இழுத்ததும் சர்ரென்று சத்தத்தோடு பிரிந்தது. சுற்றின் மேல் சுற்று ஒட்டிக்கொண்டிருந்தது. மழைக்காலத்தில் மில்லில் கோனில் சுற்றிய நூல் ஒட்டிக்கொள்வது போல.

ஈரம்.

ஃபிரிட்ஜைத் திறந்து, காலியாகி அங்கேயே இருந்த எவர்சில்வர் டப்பாவை எடுத்தேன். மூடியின் உட்புறம் வட்ட வட்டமாகத் தண்ணீர் காய்ந்த தடம். ஒன்றின் மேல் ஒன்றாக நிறைய. எட்டு நாளைக்கு ஒரு முறைக்கு மேல் யாரும் தொடாத டப்பா. குளிர்ந்து, சூடாகி, வேர்த்து, மறுபடி குளிர்ந்து.

தினமும்.

கேட்டைப் பூட்டினேன். மாத்திரை போட்டேன்.

மார்ச் 21, செவ்வாய்

வகுப்புக்குப் போகவில்லை. கால் வலி.

மார்ச் 22, புதன்

ரங்கம்மா மோருக்குத் தயிர் எடுத்தாள். "அதிசயமா இருக்குது. ரெண்டு நாளா தயிரு புளிக்கவே இல்ல" என்றாள்.

பிருந்தா கேமராவுக்கு ஏற்ற அட்டைப் பெட்டி ஒன்று தேடிக்கொண்டிருந்தாள். பரணில் இருந்ததை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அதுவும் சரியாகப் பொருந்திவிட்டது.

மார்ச் 23, வியாழன்

காலையிலிருந்து நான்கு முறை சமையலறை வாசல் வரை போனேன். மருமகளிடம் இப்படி ஒன்றைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மில்லில் தப்பு செய்தால் மேஸ்திரியிடம் போய் நிற்போம், திட்டுவார், முடிந்தது. இது அப்படி இல்லை. நான் சொல்லாவிட்டால் நாளைக்குப் பார்சல் போய்விடும். குறையில்லாத கேமரா, குறை என்று பெயர் வாங்கிக்கொண்டு போகும். அவளும் தனக்கு ராசி இல்லை என்று நினைத்துக்கொண்டு இருந்துவிடுவாள். யாரும் என்னைக் கேட்கவே போவதில்லை.

இன்னொன்றும் எழுத வேண்டும். டவுன் வகுப்புக்குப் போக வேண்டாம் என்று அன்றைக்குச் சொன்னது நான்தான். நினைவில்லை என்று எழுதினேன். நன்றாக நினைவிருக்கிறது. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

எனக்குச் சொல்ல வராது. எழுத வருகிறது. இந்த நோட்டை அவளிடம் கொடுக்கப்போகிறேன்.

மார்ச் 24, வெள்ளி

பார்சல் போகவில்லை.

நேற்று சாயங்காலம் பிருந்தா அடுப்படியில் நின்றுகொண்டே படித்தாள். நான் எழுதியதை டீச்சரைத் தவிர வேறு யாரும் படித்ததில்லை. அதிலும் இதை டீச்சர்கூடப் படித்ததில்லை. அவள் பக்கம் திருப்பும்போதெல்லாம் எந்த இடம் என்று எட்டிப் பார்த்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், எழுத்து புரிகிறதா என்றும் ஒரு கவலை இருந்தது.

குழம்பு பொங்கி வழிந்தது. அணைத்துவிட்டு வந்தாள்.

"ஃபிரிட்ஜை அணைத்தேன், ஃபிரிட்ஜை அணைத்தேன், ஃபிரிட்ஜை அணைத்தேன்" என்று விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள். "தெனமும் எழுதி வெச்சிருக்கீங்க. ஏனுங்க மாமா, ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"நீ கேக்கலியே அம்மிணி" என்றேன். எழுபத்தொரு வயதில் இப்படி ஒரு பதில்.

"கேக்கோணுமா? ராத்திரி யாராவது ஃபிரிட்ஜ அணைப்பீங்களான்னு நா எப்படிங்க கேப்பேன்?"

பிறகு அந்த டவுன் வகுப்புப் பக்கத்தை ஒரு முறை படித்தாள். நோட்டை மூடி என் கையில் கொடுத்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

இன்று காலை டீ ரங்கம்மாதான் கொடுத்தாள். "என்ன பண்ணித் தொலைச்சீங்க?" என்றாள். சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்போ பத்து வருசமா புளிச்ச தயிரு உங்க புண்ணியந்தானா?" என்று கையை ஓங்கிக்கொண்டு வந்தாள்.

மார்ச் 25, சனி

கேட்டைப் பூட்டினேன். பிருந்தா பேசவில்லை.

மார்ச் 26, ஞாயிறு

மதியம் வந்து எதிரில் உட்கார்ந்தாள். கையில் நான்காவது டப்பி. வெள்ளிக் கவர் பிரிக்காமல் இருந்தது.

"கவரப் பிரிச்சு வெச்சது நானு" என்றாள். "பிரிக்காதீங்கன்னு அதுலயே போட்டிருந்துச்சு. நா படிச்சவதான். படிக்கல."

நான் தலையாட்டினேன். அதற்கு மேல் ஆட்டினால் தப்பாகிவிடும் என்று நிறுத்திக்கொண்டேன்.

"கோவம் போயிருச்சுன்னு நெனச்சுக்காதீங்க மாமா. அந்த வகுப்பு விசயம் போகாது. அது அப்புடியேதான் இருக்கும்."

"இருக்கட்டும் அம்மிணி."

"இது ஓடுமா?"

கவரை வாங்கி விரலால் சுற்றிலும் தடவிப் பார்த்தேன். ஓரம் எங்கும் பிரியவில்லை, உப்பவில்லை. ஈரம் உள்ளே போக வழி இல்லை. போன முறை "அழுக்குதான்" என்று நிச்சயமாகச் சொன்னது ஞாபகம் வந்தது.

"ஓடோணும்" என்றேன். "ஓடலைன்னா என்ன காரணம்னு எனக்குத் தெரியாது."

"இந்தப் பதில் பரவால்ல" என்றாள்.

குளிரோடு பிரித்தால் வேர்க்கும். அதனால் கவரோடு மேசை மேல் வைத்திருக்கிறோம். காலையில் தண்ணீர் திறக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் பிரிக்க வேண்டும். திருமூர்த்தி வந்தான், பார்த்தான், ஒன்றும் கேட்காமல் மேசைக்கு மேல் இருந்த ஃபேனை நிறுத்திவிட்டு வேர்த்துக்கொண்டு உட்கார்ந்தான். ஃபேனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நாங்கள் யாரும் சொல்லவில்லை.

மார்ச் 27, திங்கள்

ஆறு நாற்பதுக்குக் குழாய் இருமியது. வீதியில் முதல் குடம் விழுந்த சத்தம். "தண்ணி உட்டுட்டாங்கோ!" என்று யாரோ கத்தினார்கள். பிருந்தா கவரைக் கிழித்தாள். டப்பியை என்னிடம் நீட்டினாள். பல் சக்கரத்தை விரலால் திருப்பினேன். வெண்ணெய் போல வந்தது. உள்ளே போட்டு மூடினாள்.

ரங்கம்மா இரண்டு ட்ரம்மையும் வாசலுக்கு உருட்டினாள். எனக்கு ஹோஸ் பிடிக்கிற வேலை. திருமூர்த்தி லீவு சொல்லிவிட்டு, வண்டிகள் வீதிக்குள் வராமல் முனையில் நின்று மறித்தான்.

பிருந்தா கொஞ்சம் எடுப்பாள், நிறுத்துவாள், நடப்பாள், மறுபடி எடுப்பாள். ஒவ்வொரு முறை பட்டனை விடும்போதும் மறுபடி ஓடுமா என்று காதைத் தீட்டிக்கொண்டேன். சத்தம் மாறவில்லை. சரசா இந்த முறை சேலையைப் பற்றிக் கேட்கவில்லை. அவள் குடத்தைத் தள்ளிவிட்டு வேறு யாரோ குடம் வைத்துவிட்டார்கள், நிஜமான சண்டை. பிருந்தா அதன் பக்கத்திலேயே மண்டியிட்டு எடுத்தாள். பத்து. இருபத்தைந்து. முப்பது வந்தபோது நான் ஹோஸைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவள் என்னைத்தான் எடுத்துக்கொண்டிருந்தாள். என்ன செய்வதென்று தெரியாமல் சிரித்தேன். நாற்பது. நாற்பத்தைந்து. பிறகு முள் கடைசிக் கோட்டில் போய் நின்றது. சத்தமும் நின்றது.

"முடிஞ்சுதா? சிக்கிருச்சா?" என்றேன்.

"தெரியலைங்க மாமா. உள்ள வாங்க."

கூடத்தில் தரையில் உட்கார்ந்தோம். கேமராவைத் திறந்து டப்பியை எடுத்தாள். டப்பியின் முகப்பில் ஃபிலிம் தெரிகிற சின்ன ஜன்னல் இருக்கிறது. இதற்கு முன் மூன்று முறையும் அங்கே வெறும் ஃபிலிம்தான் இருந்தது. இப்போது அந்தப் பட்டையின் குறுக்கே எழுத்து இருந்தது. அச்சடித்த எழுத்து.

பிருந்தா டப்பியை மார்போடு அணைத்துக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

"என்ன அம்மிணி? என்ன எழுதியிருக்குது?"

"ஃபிலிமோட கடைசி நுனியில அவங்களே அச்சடிச்சு வெச்சிருப்பாங்க, மாமா. முழுசும் ஓடி முடிச்சாத்தான் இது ஜன்னலுக்கு வரும்." மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "எக்ஸ்போஸ்டுன்னு போட்டிருக்குது. வெளிச்சம் பட்டாச்சுன்னு அர்த்தம்."

டப்பியை என் கையில் கொடுத்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கூடத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பிடித்தேன். இங்கிலீஷ் எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது. ஒவ்வொன்றாக எண்ணினேன். ஏழு. அவள் விரல் வைத்துச் சொல்லச் சொல்ல, நானும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். பிறகு அவள் விரல் இல்லாமல் ஒரு முறை சொன்னேன். நடுவில் ஒன்றை விட்டுவிட்டேன். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம்.

வாசலில் ட்ரம் நிரம்பி நல்ல தண்ணீர் வீதியில் ஓடிக்கொண்டிருந்தது. ரங்கம்மா என் பெயரைச் சொல்லிக் கத்தினாள். நாங்கள் எழுந்திருக்கவில்லை.